ஒரே தடவை கூப்பிட்டால் போதும்

மேடையில் ஏறுமுன் ஸ்ரெல்லா செருப்பைக் கழற்றினாள்.

கழற்றியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குனிந்து, படியை விரலால் தொட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டாள். கை தன் பாட்டுக்குப் போய்விட்டது.

மொண்டெல்லோக் கடற்கரை வீடியோ விளையாட்டுக் கூடம் முழுவதும் சிரித்தது.

"என்னடி, இது என்ன கோயிலே?" என்று கீழே நின்று பல்லைக் கடித்தாள் புனிதமலர். இருவரும் இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள். ஞாயிறு தவறாமல் ஒன்றாகப் பூசைக்குப் போகிறவர்கள். அன்றைக்கும் பூசை முடிந்த கையோடுதான் வந்திருந்தார்கள்.

ஸ்ரெல்லா படியேறினாள். வெறுங்காலோடு போய், ஆட்டக்காரர் நிற்கும் வளையத்துக்குள் நின்றாள்.

எதிர் வளையத்தில் ஃபப்ரீட்சியோ நின்றான். அவள் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மகன். அவன் போட்டிருந்த சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தவளே அவள்தான்.

போன கோடைப் போட்டியிலும் அதற்கு முந்தின கோடைப் போட்டியிலும் அவன்தான் வென்றான். வென்றவரின் பெயர் அடுத்த கோடை வரும்வரை கூடத்துப் பலகையில் சிவப்பு விளக்குகளில் எரியும். லீவு கிடைக்கும் வியாழக்கிழமைகளில் இங்கே வந்து, கண்முன் படம் காட்டும் ஹெல்மெட் மாட்டி விளையாடிப் பழகிய நேரமெல்லாம் ஸ்ரெல்லா அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து எரிந்திருக்கிறாள். இந்தத் தடவை தன் பெயர்தான் அங்கே எரிய வேண்டும். அவளுக்குக் கிண்ணம்கூடத் தேவையில்லை.

"ஸ்ரெல்லா!" என்று கூடத்து முதலாளி கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் திரும்பினாள். எப்போதும் அப்படித்தான். அவளுக்குக் காது மந்தம் என்று சிஞ்ஞோரா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஃபப்ரீட்சியோ தன் காதைத் தட்டிக் காட்டினான். அவன் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஹெல்மெட் தலையில் இறங்கியது. சிரிப்பும் இல்லை, பலெர்மோவும் இல்லை.

சுற்றிலும் வானம். வானத்தில் மிதக்கும் கற்பலகைகள். ஆளுக்கொரு எறிதட்டு. எதிராளியைப் பலகையிலிருந்து விழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் மாறி மாறி விழுத்தி, கடைசி ஆட்டத்துக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இயந்திரம். தலையைத் திருப்பினால் படம் சற்றுப் பிந்தித்தான் திரும்பும். அந்த இடைவெளியில் முன் எது, பின் எது என்று எவனுக்கும் தெரியாது. எல்லோரும் விழுவது அங்கேதான்.

வளையத்துக்குள் விரித்திருந்த ரப்பர் விரிப்பில் வரி வரியாக மேடு ஓடியது. பெருத்த சப்பாத்துக்குள் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. அவளுடைய உள்ளங்காலுக்குத் தெரிந்தது. செருப்போடு மேடை ஏறக் கூடாது என்று சின்ன வயதில் வாங்கிய குட்டுகள் வீண்போகவில்லை.

ஃபப்ரீட்சியோ சுழன்றான். இன்னும் சுழன்றான். ஹெல்மெட் வயர் அவன் இடுப்பைச் சுற்றியது. ஸ்ரெல்லா பெருவிரலால் வரியைத் தடவி, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, படம் வந்து சேருமுன்னே எறிந்தாள்.

அவன் வானத்திலிருந்து விழுந்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபப்ரீட்சியோ வயரிலிருந்து தன்னைப் பிரித்தெடுத்து, முகத்தைத் துடைத்து, வீட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னான்: "போய் எனக்கொரு ஐஸ் கிரனீத்தா வாங்கி வா."

"இன்றைக்கு எனக்கு லீவு" என்றாள் அவள், அவனுடைய மொழியிலேயே. இவ்வளவு இனிப்பான ஒரு வார்த்தையை அவள் இத்தாலியனில் இதுவரை சொன்னதில்லை.

பெயரை வென்றவரே பதிய வேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். கைப்பிடியை அசைத்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். அவள் அவசரப்படாமல் பதிந்தாள். மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன.

சறோஜா.

"ஆரடி உது?" என்றாள் புனிதமலர்.

"நான்தான்."

புனிதமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ பேர் வந்த வழிதான் அது. படத்தை மட்டும் மாற்றி ஒட்டிய, ஸ்ரெல்லா என்ற வேறொருத்தியின் பாஸ்போர்ட். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அந்த வேறொருத்தியின் பெயரில். வேலையும் அவள் பெயரில். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூட அவளுடையதுதான்.

"உனக்கென்ன விசரே? பெர்மெஸ்ஸோவைக் காட்டியெல்லோ போட்டிக்குப் பதிஞ்சனி! ஆரும் குவெஸ்தூராப் பொலிசிலை போய்ச் சொன்னால் எல்லாம் போச்சு. அழியடி!"

"அழிக்க மாட்டன்" என்றாள். "சொல்லுறவன் போய்ச் சொல்லட்டும்."

இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு இன்னொருத்தியாக இருந்து இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. பயமும் அலுத்துவிட்டது.

முதலாளி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஸ்ரெல்லா!"

அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்ரெல்லா!"

இரண்டாம் தரத்துக்கும் திரும்பவில்லை. முதலாளி தலையைச் சொறிந்தார். அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பிறகு நாக்குத் தடுமாற, மிக மெல்ல, தனக்குத்தானே வாசிப்பதுபோலச் சொன்னார்.

"சறோஜா..."

காது மந்தமானவள் சட்டென்று திரும்பினாள்.