சிவப்புச் சாவி

"எண்ணூறு குதிரை சக்தி, தம்பி! ஒஹையோ முழுக்கத் தேடினாலும் இந்த மாதிரி கார் மூணு தேறாது," என்று கராஜைத் திறந்தார் வெண்டல்.

விற்பனை விளம்பரம் பார்த்து மனைவி ஜெனெலுடன் வந்திருந்த ட்ரென்ட் கேட்டான்: "இதுக்கு ரெண்டு சாவி உண்டே, சார்?"

"கறுப்பு மட்டும்தான் இருக்கு. அதைப் போட்டா ஐந்நூறு குதிரைதான் ஓடும். முழு எண்ணூறும் வேணும்னா சிவப்பு போடணும். அதை வாங்கின வாரமே தொலைச்சுட்டேன். ஆறு வருஷமா தேடாத இடமில்ல. அதான் விலையைக் குறைச்சிருக்கேன்."

"பரவாயில்ல சார், எனக்கு ஐந்நூறே தாங்காது."

ஆண்கள் இருவரும் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். வெண்டலின் மனைவி லொரெட்டா, ஜெனெலைச் சமையலறைக்கு அழைத்துப் போய், மாவு டப்பாவுக்குள் கைவிட்டுச் சிவப்புச் சாவியை எடுத்தாள்.

ஜெனெல் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் வேகமா ஓட்டிடுவாரோன்னு பயந்து ஒளிச்சு வச்சீங்களா, மேடம்?"

"பயமா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பிக்கப் டிரக்கை எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போனதும், எண்ணூறையும் ஓடவிட்டவளே நான்தான். ஆறு வருஷம் ஆசை தீர ஓட்டியாச்சு."

ஒட்டியிருந்த மாவை ஊதிவிட்டு, சாவியை ஜெனெலின் கையில் வைத்து மூடினாள்.

"உன் வீட்டுக்காரர் என்னிக்கு மீன் பிடிக்கப் போவார்?"