டியூபுக்குள் தண்ணீர்

“இந்த மாதிரி அப்பனையெல்லாம் நிக்க வச்சுக் கேக்கணும். பெத்துட்டா மட்டும் போதுமா? பச்சப் புள்ள மூளையில குப்பையைக் கொட்டறான்!”

பழைய இரும்புக்கடைக்காரர் பல்லைக் கடித்தபடி சொன்னார். பஞ்சர் ஒட்டுகிறவர் காதில் மட்டும் விழுகிற மாதிரிதான். இரும்புக்கடைக்காரருடைய லோடு வண்டி பஞ்சராகி ஓரமாகச் சாய்ந்து நின்றது. அவருக்கு முன்பே பஞ்சர் ஒட்ட வந்திருந்தது ஒரு ஸ்கூட்டர். அதன் சொந்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண்.

“குட்டிம்மா, டயர் ஏன் கறுப்பா இருக்கு தெரியுமா? யானைத் தோல்ல செய்யறாங்க.”

பெண் அப்பாவைப் பார்த்தாள். டயரைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

“கேட்டியா? யானைத் தோலாம்!”

“விடுங்கண்ணே. அவர் புள்ளை, அவர் டயர். நமக்கென்ன?”

“நமக்கென்னவா? அன்னிக்கு எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு நாதி இல்ல. பித்தளைன்னு நம்பி, பித்தளை முலாம் பூசின இரும்பை வண்டி வண்டியா வாங்கித் தலையில துண்டைப் போட்டுக்கிட்டவன் நான். தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கான் பாரு, அவன்தான் பெரிய அயோக்கியன்.”

“அப்போ நான்?”

“நீயும்தான். சீக்கிரம் அந்த டியூபைக் கழட்டு.”

பெஞ்சில் அடுத்தது ஆரம்பமானது.

“அதோ, காத்தடிக்கிற மெஷின் இருக்கே, அதுக்குள்ள ஒரு மாமா உக்காந்து ஊதிக்கிட்டே இருப்பார். பாவம், சாப்பிடக்கூட வெளிய வர மாட்டார்.”

பெண்ணின் உதடு லேசாக அசைந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

இரும்புக்கடைக்காரர் எழுந்தார். பஞ்சர்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். இரும்புக்கடைக்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார் பஞ்சர்காரர். ஒரு இடத்திலிருந்து குபுகுபுவென்று குமிழ் வந்தது. பெண் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

“பாத்தியா? டியூபுக்குள்ள தண்ணியை அடைச்சு வச்சிருக்காங்க. அதுதான் ஓட்டை வழியா வெளிய வருது!”

பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

“யோவ்! அது காத்துய்யா, காத்து!”

இரும்புக்கடைக்காரரின் குரல் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது.

“சட்டை மட்டும் மடிப்புக் கலையாம போட்டிருக்க. இதுகூடத் தெரியாதா? தெரியலன்னா வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?”

பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெண் வாயை மூடிக்கொண்டாள். போய் ஸ்கூட்டருக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“காத்து, பாப்பா. ஞாபகம் வச்சுக்கோ” என்றார் இரும்புக்கடைக்காரர், தாராளமாக.

அப்பா சண்டைக்கு வரவில்லை.

“சார், கொஞ்சம் இப்படி வாங்க.”

டயர் அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“பள்ளிக்கூடத்துல ஒரு கேள்விக்குத் தப்பாப் பதில் சொல்லிட்டா சார். வகுப்பே சிரிச்சிடுச்சு. அன்னையிலேருந்து பேச்சு நின்னு போச்சு. வீட்லகூடத் தலையை ஆட்டறதோட சரி. எங்க தப்பாயிடுமோன்னு பயம்.”

இரும்புக்கடைக்காரர் கண் கொட்டாமல் பார்த்தார்.

“அதான் போற இடமெல்லாம் நான் தப்புத் தப்பா உளறிக்கிட்டுத் திரியறேன். தப்பாச் சொன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு அவ பாக்கணும். என்னைக்காவது பொறுக்க முடியாம அவளே திருத்துவான்னு ஒரு ஆசை. இன்னிக்குத்தான் சார், வாயைத் திறந்தா.”

“எனக்கு எப்படிய்யா தெரியும்?”

“தெரியாதுதான்.”

இரும்புக்கடைக்காரர் ஸ்கூட்டர் பக்கம் பார்த்தார். சின்ன முதுகு மட்டும் தெரிந்தது.

“ஒரு பெரிய சாக்லேட் வாங்கித் தந்துடறேன்.”

“வேணாம்.”

“பொம்மை?”

“வேணாம் சார்.”

“சரி, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். அந்த பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி. அதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது.”

“அதுவும் வேணாம்.”

“பின்ன என்னதான்யா பண்ணணும்கற?”

அப்பாவின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உயர்ந்தது.

“வாங்க. வந்து அவ பக்கத்துல உக்காருங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, சத்தமா, தப்பா ஒண்ணு சொல்லுங்க. அவ திருத்தற வரைக்கும் நீங்க எழுந்திரிக்கக் கூடாது!”