ஒரு 'க்' குறைகிறது

"பக்கம் மூணு, ரெண்டாவது பத்தி. யாருங்க இதை எழுதினது?"

தமிழ்ப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். பதிவாளர் அவசரமாக மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் முழுக்க 'ஒற்று' என்றுதான் பெயர். எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால்கூட மனிதர் விட மாட்டார்.

ஆட்சிக்குழுக் கூட்டம் அது. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் இரண்டு நிமிட வேலை.

"'துணைவேந்தர் ஆசிரியர்களிடம் கூடுதலாக வேலைக் கேட்டார்'னு போட்டிருக்கு. இங்க 'க்' வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? வேல்! ஈட்டி! துணைவேந்தர் யாரோட சண்டைக்குப் போறார்?"

எல்லோரும் சிரித்தார்கள், துணைவேந்தரைத் தவிர. அவர் மாலை விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

"திருத்திடலாம் ஐயா. மேலே போகலாமா?" என்றார் துணைவேந்தர்.

"எப்படிப் போறது? நாலாம் பக்கத்துல 'குழு கூட்டம்'னு இருக்கு. அங்க 'க்' இல்லை. மூணாம் பக்கத்துல இருக்கிறதைப் பிடுங்கி நாலாம் பக்கத்துல நட்டிருந்தாக்கூடக் கணக்கு நேராகியிருக்கும்!"

"அர்த்தம் புரியுதே, அது போதாதா?" என்று சட்டத்துறைத் தலைவர் வாயைக் கொடுத்தார்.

அவ்வளவுதான். ஒற்று எழுந்தே நின்றுவிட்டார்.

பதிவாளர் மூலையில் இருந்த பிரிவு அலுவலரை முறைத்தார். குறிப்பை எழுதியவள் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்குப் பார்த்துத்தானா இப்படி? பட்டியலில் கடைசி விஷயம், ஊழியர்களின் குழந்தைகள் காப்பகத்தை மூடுவது. அந்த இடத்தை ஏசி போட்ட விருந்தினர் அறையாக்க வேண்டும் என்று துணைவேந்தர் ஒற்றைக்காலில் நின்றார். பதிவாளருக்கும் ஆட்சேபணை இல்லை. காப்பகம் அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஒரு பிள்ளை அழுது ஓய்ந்தால் அடுத்தது ஆரம்பிக்கும். ஒரு கோப்பைப் படித்து முடிப்பதற்குள் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

போன கூட்டத்திலும் இதே கதைதான். இலக்கண வகுப்பிலேயே நேரம் போய், காப்பகம் தப்பித்தது.

இந்தத் தடவையும் தப்பித்தது. துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "மீதியை அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்."

வாசலில் பதிவாளரைத் தனியாக இழுத்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு மெமோ கொடுங்க. இனிமே அவ குறிப்பு எழுதக் கூடாது. தமிழே தெரியாதவங்களை எங்கதான் பிடிக்கிறீங்களோ!"

பதிவாளர் தன் அறைக்கு வந்து அவளைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. வேலை நிரந்தரம் ஆகணுமா, வேண்டாமா?"

"ஆகணும் சார். வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"அப்புறம் ஏம்மா தெரிஞ்சே அந்த மனுஷன் வாயில போய் விழறீங்க?"

பதிவாளர் பெருமூச்சு விட்டு, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'தங்கள் கவனகுறைவு காரணமாக...'

"சார்..."

"என்ன?"

"கவனக்குறைவு, சார். நடுவுல ஒரு 'க்' வரும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதிவாளர் பேனாவை மூடினார். இவள் எழுதிய வேறு எந்தக் கோப்பிலும் இதுவரை ஒரு பிழை பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூட்டக் குறிப்பில் மட்டும்தான் தப்பு. அதுவும் காப்பகம் பட்டியலில் ஏறிய பிறகுதான்.

"வேணும்னே பண்ணினீங்களா?"

கீழே ஒரு குழந்தை வீறிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"உங்க பிள்ளை அங்க இருக்கா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார். இப்ப அழறான் பாருங்க, அவன் நம்ம வராந்தாவைக் கூட்டுற அக்காவோட பையன். விடுதியில சமைக்கிறவங்களோட ரெட்டைப் பிள்ளைங்க இருக்கு. ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒருத்தி நடுநடுவுல ஓடி வந்து பால் கொடுத்துட்டுப் போவா. மூடிட்டா இவங்க எல்லாரும் வீட்டோட உட்கார வேண்டியதுதான்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"பேச எனக்கு உரிமை இல்லை சார். எழுத மட்டும்தானே விடறீங்க? இன்னும் ஒரே ஒரு கூட்டம் தாண்டிட்டா துணைவேந்தரோட பதவிக்காலமே முடிஞ்சிடும். அதான்..."

"அதான் 'க்'கை விட்டுட்டு, ஒற்றை ஏவி விட்டீங்க."

"மன்னிச்சிடுங்க சார்."

பதிவாளருக்கு வெட்கமாக இருந்தது. தினமும் அந்த வராந்தாவில்தான் நடக்கிறார். கூட்டுகிறவளுக்கு ஒரு பையன் இருப்பது இன்றுதான் தெரிகிறது. அவன் அழுகையை மட்டும் இத்தனை நாளாகத் தலைவலி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மெமோவை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முகத்தை மட்டும் கடுமையாகவே வைத்துக்கொண்டார்.

"ஆனா துணைவேந்தர் உத்தரவு உத்தரவுதான். அடுத்த கூட்டத்துக்கு நீங்க குறிப்பு எழுத முடியாது."

அவள் கண்கள் கலங்கிவிட்டன. "அப்ப வேற யார் சார் எழுதுவாங்க?"

"நான்தான். எனக்கு இந்த ஒற்று சமாசாரம் சுத்தமா வராது."