சவுக்குக் கட்டை

பக்கத்து மனைக்காரர் எழுப்பும் சுவர் தன் சமையலறை வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்று வழக்குப் போட்டாள் பூங்கோதை. நஷ்டஈடு தருகிறேன் என்றார் அவர். "வெளிச்சத்த எந்தக் கடையிலங்க போய் வாங்குறது?" என்று தன் வக்கீலிடம் வெடித்தாள். அதையே வக்கீல் கோர்ட்டில் கேட்டார். இப்போதுள்ள நிலை அப்படியே நீடிக்க வேண்டும் என்று தடை உத்தரவு கிடைத்தது.

உத்தரவு என்றதும் மேஸ்திரி போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். சுவர் பாதி ஜன்னலை மறைத்து நின்றது. சாரத்தின் சவுக்குக் கட்டை ஒன்று மீதி ஜன்னல் வழியாக அடுப்புக்கு மேல்வரை நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்த முடியவில்லை. மழைச்சாரலில் அடுப்பு நனைந்தது.

"அந்தக் கட்டையையாவது உருவுங்க சார்."

"நான் தொட்டா கோர்ட் அவமதிப்பும்மா. நீங்க வாங்கின ஆர்டர்தானே?" என்றார் பக்கத்து மனைக்காரர்.

"நீங்களும் தொட்டுடாதீங்க," என்றார் வக்கீல் போனில். "அடுத்த வாய்தாவுல பேசிக்கலாம்."

வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது. இன்று காலை ஒரு காகம் உள்ளே வந்து, கட்டையின் நுனியில் கம்பித் துண்டொன்றை வைத்துவிட்டுப் போனது. அதைத் தட்டிவிட ஆத்திரத்தோடு கையை ஓங்கிய பூங்கோதை, உத்தரவு நினைவுக்கு வர, அப்படியே நின்றாள். காகம் அடுத்த கம்பியோடு வந்து, அவளைச் சட்டையே செய்யாமல், கட்டத் தொடங்கியது.