இடம் மாறிய கம்பிகள்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு ஆபீசில் நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சர்டிபிகேட்டோடு வந்த நாலு பேரும் பரீட்சை வைத்த ஜெயராஜ் சரிசெய்யக் கொடுத்த கேபிளில் தோற்றுப்போனார்கள். உள்ளே இரண்டு கம்பிகளை இடம் மாற்றி வைத்திருந்தான்.

"எல்லாரையும் ஃபெயில் பண்ற லா!" மானேஜர் எரிந்து விழுந்தார்.

"பேப்பர் இருக்கு சார். கைவேலை தெரியல."

ஐந்தாவதாக வந்த கோமதி, கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கம்பி கலர் வரிசை மாறியிருக்கு அண்ணே." வெட்டி, சரியாகப் பொருத்தினாள். கம்ப்யூட்டரில் நெட் வந்தது.

மானேஜர் எட்டிப் பார்த்தார். "இவங்களும் ஃபெயிலா?"

ஜெயராஜ் அவள் பொருத்திய முனையைத் திருப்பிப் பார்த்தான். "இல்ல சார். பாஸ்."

அவர் போனதும் கோமதி கேட்டாள்: "முன்னாடி இந்த வேலைய யாருண்ணே பார்த்தாங்க?"

"ஒருத்தரு ஆறு வருஷமா பார்த்தாரு. சர்டிபிகேட் இல்ல, இந்த மாசத்தோட போதும்னுட்டாங்க."

ஆறு வருஷமாகத் தன் இடுப்பில் தொங்கிய சர்வர் ரூம் சாவியைக் கழற்றி, அவளிடம் நீட்டினான்.