வாட்ச்மேனுக்கு ஒரு காது டெஸ்ட்

"காதெல்லாம் நல்லா கேக்குது சார். நடிக்கிறாரு. அத்தனையும் திமிரு!"

பெத்த அப்பனைப் பத்தி, மேனேஜர் லோகேஷ் எதிர்ல ரஞ்சனி இப்படிச் சொன்னதும் எனக்குப் பத்திக்கினு வந்துது.

நான் செந்தாமரை. ஒரகடத்துல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல எலிக்கூண்டு கழுவறவ. வயசான எலிங்களுக்குக் காது எப்படிப் போவுதுன்னு அங்க ஆராய்ச்சி. எலி தலையில ஒயரு மாட்டி, டிக் டிக்னு சத்தம் வெச்சு, அது மூளைக்குப் போய்ச் சேருதான்னு கம்ப்யூட்டர்ல பாக்கறது ரஞ்சனி வேலை. ட்ரெயினி பொண்ணு.

"பாவம்க்கா, வயசாயிடுச்சில்ல"ன்னு எலியைத் தடவிக் குடுப்பா. அப்பனுக்கு மட்டும் இந்த மரியாதை!

அவ அப்பா கோதண்டம் எங்க கேட்டுல வாட்ச்மேன். அதுக்கு முன்னாடி இருபது வருஷம் பிரஸ் ஷாப்ல, தகரம் அடிக்கிற மிஷின் பக்கத்துலயே நின்னவரு.

நேத்து பெரிய டாக்டர் காரு பத்து தபா ஹாரன் அடிச்சும் மனுஷன் கேட்டைத் தொறக்கல. அதான் இன்னிக்குப் பஞ்சாயத்து.

"இந்தாளுக்கு வேலை இருக்கா இல்லியான்னு இப்பவே தெரிஞ்சிடும். திரும்பி நில்லுங்க, பின்னாலேர்ந்து கூப்பிடறேன்"ன்னாரு லோகேஷ்.

கோதண்டம் திரும்பி நின்னாரு. ரஞ்சனி சும்மா இருந்தாளா? அவர் மூஞ்சிக்கு நேரா போய் நின்னுக்கினு விரலை ஆட்டி ஆட்டித் திட்டினா.

"வூட்லயும் இதே கூத்துதான். வெக்கமா இல்லப்பா உனக்கு?"

அந்த மனுஷன் மகளையே பாத்துக்கினு நின்னாரு.

"கோதண்டம்…" லோகேஷ் மெதுவா கூப்பிட்டார்.

"சார்?" சட்டுனு திரும்பினாரு.

மூணு தபா கூப்பிட்டார். மூணு தபாவும் திரும்பினாரு.

"அப்ப நேத்து வேணும்னுதான் தொறக்கலியா! டாக்டர்கிட்ட மன்னிப்பு லெட்டர் குடுத்துட்டு கேட்டுக்குப் போங்க. இதான் கடைசி."

திமிரா நடந்துக்கிட்டேன்னு லெட்டரை மகளே எழுதினா. அவர் கையெழுத்து போட்டாரு.

எனக்குப் பொறுக்கல. கூண்டு கழுவற ரூமுக்கு அவ வந்ததும் புடிச்சிக்கினேன்.

"ஏண்டி, எலிக்கு உருகறியே, பெத்தவன் உனக்கு எலியை விடக் கேவலமா?"

ரஞ்சனி கதவைச் சாத்தினா. அப்புறம்தான் அழுதா.

"சார் கூப்பிடும்போதெல்லாம் நான் விரலை மடக்கினேனே, பாக்கலியாக்கா? மடக்கினா திரும்பணும்னு காலையில வூட்லயே பழக்கிக் கூட்டினு வந்தேன். அப்பாவுக்கு ரெண்டு காதும் போச்சு. போன மாசமே எனக்குத் தெரியும்."

நான் தண்ணிக் குழாயை மூடினேன்.

"அம்மா மருந்து மாத்திரை எல்லாம் அவரு இ.எஸ்.ஐ. கார்டுலதான் ஓடுது. திமிருன்னா ஒரு லெட்டரோட விட்டுட்டாங்க. செவிடுன்னா இன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க."

கண்ணைத் தொடைச்சுக்கினு, ஒரு கெழட்டு எலியோட கூண்டுல தீனியை ரொப்பினா.

"இதுக்குக் காது சுத்தமா கேக்கலன்னு நாந்தான் ரிப்போர்ட் எழுதினேன். அன்னிலேர்ந்து இதுக்கு ஏசி ரூம், தனி கவனிப்புக்கா."