பச்சைப் பையில் இருந்தது

"அதோ பாருங்க மொய்ரா, மறுபடியும் குனிஞ்சிட்டார்!"

லோர்னா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இருபதடி பின்னால், அவள் தோண்டி மூடிவிட்டு வந்த குழியையே பெர்னார்ட் திறந்துகொண்டிருந்தார். எதையோ எடுத்தார். தோளில் தொங்கிய பச்சைப் பைக்குள் போட்டார். புல்லைப் பழையபடி வைத்து அமுக்கிவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார்.

அதுவும் அவள் தோண்டியதுதான்.

"காலையிலேர்ந்து இதே வேலை. நான் முன்னாடி தோண்டுறதும், அவர் பின்னாடி பொறுக்குறதும்!"

"பெர்னார்டா? சேச்சே. பதினெட்டு வருஷமா வர்ற மனுஷன்."

"ஒரு காசு கிடைச்ச குழியில இன்னொண்ணும் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சங்கத்துப் பழைய ஆளான மொய்ரா குடுவையிலிருந்து டீ ஊற்றினாள்.

பெர்னார்ட் கையைத் தூக்கினார். "அம்மாடி, ஒரு நிமிஷம்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கு நேரமில்லைங்க." ஹெட்போனை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

நிஜமாகவே நேரமில்லை. வாரம் முழுக்க ரெண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல்தான் சொந்தம். பாப்பாவின் தள்ளுவண்டியை விற்ற காசில்தான் மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும் இந்தப் பழைய மெட்டல் டிடெக்டரையே வாங்கினாள். பழங்காசு தேடும் இந்தச் சங்கத்தில் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு மூணு ஞாயிறு சோதனை. முதல் ரெண்டும் உழுத வயலில் போயிற்று. மூணாவது இன்றைக்கு, ஹாட்சன் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில். சாயங்காலம் நிலத்துக்காரர் ஹாட்சன் "இந்தப் பொண்ணு வரலாம்" என்றால்தான் அவள் சங்கத்து ஆள். இல்லையென்றால் டிடெக்டரை விற்று மறுபடி தள்ளுவண்டிதான் வாங்க வேண்டும்.

காலையில் கேட்டைத் திறக்கும்போதே ஹாட்சன் சொன்னார்: "என் நிலத்துல ரெண்டே விதி. முதலாவது, தோண்டினவங்களே குழியை மூடணும். ரெண்டாவது..."

அந்த நேரம் பார்த்து லோர்னாவின் போன் அடித்தது.

"பாப்பாவோட இன்னொரு சாக்ஸ் எங்கேடி?" என்றான் புருஷன்.

சாக்ஸ் சோபாவுக்கு அடியில் கிடைப்பதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

சங்கத்துக்காரர்கள் சல்லடை போட்டுச் சலித்த நிலம் அது. ஆனாலும் மதியத்துக்குள் லோர்னாவுக்கு அடித்தது யோகம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழைய வெள்ளிக் காசு! மற்றபடி கருவி கத்தின இடமெல்லாம் பீர் டப்பாவின் வளையம், ஆணி, ஜிகினாத் தாள். ஒரு குழியில் கால் உடைந்த தகரக் குதிரை பொம்மை கூட வந்தது. சிரித்துக்கொண்டே அதையும் உள்ளே போட்டு மூடிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் டிராக்டர் வண்டியின் பலகையில் எல்லோரும் கிடைத்ததைப் பரப்பினார்கள். அது வழக்கம், நிலத்துக்காரர் பார்க்காமல் ஒன்றும் வெளியே போகாது.

ஹாட்சன் வெள்ளிக் காசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடேங்கப்பா! இத்தனை பேர் இத்தனை வருஷம் மிதிச்ச நிலம். புதுசா வந்த பொண்ணு எடுத்துட்டாளே! உனக்கு என்ன கிடைச்சுது, பெர்னார்ட்?"

"எனக்கு இன்னிக்கு ஒண்ணும் அமையலைங்க."

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அமையலையா? அப்போ அந்தப் பைக்குள்ள என்ன?"

"விட்டுடும்மா," என்றார் பெர்னார்ட், மெதுவாக. பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார்.

"ஏன் விடணும்? நான் மூடின குழியையெல்லாம் திறந்து திறந்து எடுத்தாருங்க. அந்தப் பையில இருக்கறதெல்லாம் என்னுது!"



"கொட்டு பெர்னார்ட்," என்றார் ஹாட்சன்.

பெர்னார்ட் அவளை ஒரு பார்வை பார்த்தார். பையைக் கவிழ்த்தார்.

பலகையில் கலகலவென்று விழுந்தன பீர் டப்பா வளையங்கள். துருப்பிடித்த ஆணிகள். ஒரு முழம் முள்கம்பி. மேலே, கால் உடைந்த தகரக் குதிரை.

லோர்னா சிரித்துக்கொண்டே குழிக்குள் போட்டு மூடிய அதே குதிரை.

ஹாட்சன் முள்கம்பியைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இதெல்லாம் உன் குழியில இருந்ததா? எடுத்த குப்பையைத் திரும்ப உள்ளேயே போட்டு மூடினியா? ரெண்டாவது விதி என்னன்னு சொன்னேன்? மேய்ச்சல் நிலத்துல ஒரு ஆணி கூட விட்டுட்டுப் போகக் கூடாது. போன வருஷம் புல்லோட சேர்த்து இதே மாதிரி ஒரு கம்பியை முழுங்கிட்டுத்தான் என் பசு செத்துச்சு. மூணு நாள் துடிச்சுதும்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் பெர்னார்ட் முந்திக்கொண்டார்.

"அவ தூரத்துலேர்ந்து தப்பாப் பார்த்திருக்கா. நான் என் பக்கம் தோண்டினதுதான் இது. எல்லாம் என்னுது."

ஹாட்சன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்படியா. சரி, பெரியவர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுக்கம்மா. கேட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து சேரு. நீ சங்கத்து ஆளுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். மொய்ரா அவள் முதுகில் தட்டினாள். பெர்னார்ட் குப்பையை மறுபடி பைக்குள் அள்ள ஆரம்பித்திருந்தார்.

லோர்னா அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க பெர்னார்ட்," என்றாள். பிறகு ஹாட்சன் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தையை மறுபடி சொன்னாள்.

"அந்தப் பையில இருக்கறதெல்லாம் என்னுதுங்க."